மண் கூறும் சான்று: தாவர நுண்சுவடுகளும் ஹோர்ட்டன் சமவெளியின் பழைமையும்

பட்டிப்பொலவிலிருந்து மேலேறி ஹோர்ட்டன் சமவெளியை அடையும் ஒருவர் அங்கு முதலிற் காண்பது ஓர் எல்லைக்கோடாகும். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கும் மேற்பட்ட அவ்வுயரத்தில், ஒருபுறம் பாசி படர்ந்த குட்டை மரங்கள் செறிந்த முகிற்காடு. மறுபுறம் அலையலையாக விரியும் புல்வெளி. இவ்விரண்டுக்கும் இடையே படிப்படியான மாற்றத்தைக் காண்பது அரிது. கத்தியால் அறுத்தாற் போலக் காடு முடிகின்றது, புல் தொடங்குகின்றது. “பத்தனை” என வழங்கப்படும் இப்புல்வெளி எவ்வாறு தோன்றியது? இயற்கை ஆக்கியதா, அன்றிக் காட்டை எரித்து மனிதன் ஆக்கியதா? ஆக்கியவன் மனிதனாயின், எக்காலத்து மனிதன்?

இவ்வினா புதியதன்று. 1899ஆம் ஆண்டில் பியர்சன் என்பார் இலங்கைப் பத்தனைகளின் தாவரவியலை ஆராய்ந்து எழுதிய காலந்தொட்டு, மண், காற்று, உறைபனி, நெருப்பு எனப் பல காரணங்கள் எடுத்துக் கூறப்பட்டு வந்துள்ளன. அரசரையும் போரையும் விகாரைகளையும் குளங்களையும் பற்றிப் பேசும் நூல்களிலே இதற்கு விடை தேடிப் பயனில்லை. கல்வெட்டும் நாணயமும் இவ்விடத்து வாய்திறவா. ஆயினும் சான்றே இல்லையென்று கூறிவிட முடியாது. சமவெளியின் தாழ்வான பகுதிகளிலுள்ள சதுப்புகளில், ஆண்டுதோறும் மடிந்த புல்லும் பூண்டும் முற்றாக உக்காது படைபடையாகச் சேர்ந்து, பீற்று எனப்படும் கரிய சேறாகப் படிந்துள்ளன. ஒவ்வொரு படையும் தான் படிந்த காலத்துத் தாவரங்களின் நுண்ணிய எச்சங்களைத் தன்னகத்தே கொண்டுள்ளது.

அவ்வெச்சங்கள் யாவை, அவற்றை எவ்வாறு படிப்பது, அவற்றிலிருந்து எதனை உறுதியாகவும் எதனை ஐயத்துடனும் கூறலாம் என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது தாவரவியலாளருக்கு மட்டும் உரிய விடயமன்று. சான்றை எவ்வாறு மதிப்பிடுவது என்பது வரலாறு பயில்வோர் அனைவரையும் சார்ந்த வினா என்பது மனங்கொள்ளத்தக்கது.

இருவகைச் சுவடுகள்

மண்ணிற் கிடைக்கும் தாவர நுண்சுவடுகளுள் இரண்டு தலையாயவை. முதலாவது மகரந்தமணி. பூக்கள் வெளியிடும் இம்மணிகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கு முதற் பத்திலொரு பங்கு வரையிலான பருமனுடையவை. இவற்றின் புறச்சுவர் இயற்கையிற் காணப்படும் சேதனப் பொருள்களுள் மிக உறுதியானவற்றுள் ஒன்றால் ஆயது. காற்றுப் புகாத ஈரச் சேற்றில் அது பல்லாயிரம் ஆண்டுகள் அழியாது கிடக்கும். சுவரின் மேலுள்ள துளைகள், பிளவுகள், முட்கள், வலைப்பின்னல்கள் ஆகியன இனத்துக்கு இனம் வேறுபடுவதால், நுணுக்குக்காட்டியின் கீழ் மணியைக் கண்டு அதனை ஈன்ற தாவரத்தின் குடும்பத்தையோ சாதியையோ அறியலாம். பன்னம் முதலியவற்றின் வித்திகளும் இவ்வாறே பயன்படுகின்றன.

இரண்டாவது, தாவரக்கல். நிலத்து நீரிற் கரைந்துள்ள சிலிக்காவை வேர்கள் உறிஞ்சுகின்றன. அது இலையிலும் தண்டிலும் உமியிலும் உள்ள கலங்களிற் படிந்து, அக்கலங்களின் வடிவத்தையே அச்சாகக் கொண்டு கண்ணாடி போல இறுகுகின்றது. இலை உக்கினாலும் எரிந்தாலும் இச்சிறு கற்கள் மண்ணில் எஞ்சிவிடும். வைக்கோலை அறுக்கும்போது கையிற் கீறுவதும், உமிச் சாம்பல் பாத்திரம் துலக்கப் பயன்படுவதும் இச்சிலிக்காவினாலேயே.

இவ்விரண்டும் ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்வன. புல்லினங்களின் மகரந்தமணிகள் யாவும் ஒற்றைத் துளையுடைய உருண்டைகளாய் ஏறக்குறைய ஒரே தோற்றம் உடையவை. எனவே “இது புல்” என்று கூறலாமேயன்றி “இன்ன புல்” எனக் கூறல் அரிது. தாவரக்கல்லோ இவ்விடத்திலேதான் சிறப்புறுகின்றது. வெப்பமும் ஈரமும் விரும்பும் புற்கள் பலவற்றில் இருதலைக் குண்டு போன்ற வடிவமும், வெப்பமும் வறட்சியும் தாங்கும் புற்களிற் சேணம் போன்ற வடிவமும், குளிர்நிலப் புற்களில் வட்ட வடிவமும் மிகுந்து காணப்படும். 1969இல் துவிஸ் என்பாரும் அவர்தம் துணைவரும் இப்பாகுபாட்டை முறைப்படுத்தினர். நெல்லின் இலையிலே விசிறி வடிவக் கற்களும், உமியிலே இரட்டைக் கொடுமுடி கொண்ட கற்களும் தோன்றுகின்றன. வாழையின் இலையில் எரிமலை வாய் போன்ற வடிவம் உண்டு. நியூகினித் தீவின் கூக் சதுப்பு நிலத்தில் ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன்னரே வாழை பயிரிடப்பட்டதென்னும் முடிவுக்கு, 2003இல் வெளியிடப்பட்ட ஆய்விற் காட்டப்பட்ட இத்தகைய வாழைக் கற்களே முக்கிய ஆதாரமாயின.

ஆனால் மரங்கள் பலவற்றைப் பிரித்தறிவதில் தாவரக்கல் மகரந்தத்துக்கு ஈடாகாது. பனை, தென்னை முதலிய குடும்பத்தின் கற்கள் முள்ளுடைய சிறு உருண்டைகளாய் எளிதில் அடையாளம் காணத்தக்கவையாயினும், அது பனையா தென்னையா என அவற்றைக் கொண்டு துணிதல் கடினம்.

ஆய்வு வளர்ந்த வரலாறு

தாவரக்கற்களை முதலில் விரிவாக ஆராய்ந்தோருள் ஜேர்மனிய இயற்கையறிஞர் ஏரன்பேர்க் (1795–1876) குறிப்பிடத்தக்கவர். சாள்ஸ் டார்வின் பீகிள் கப்பலில் உலகைச் சுற்றி வந்தபோது, 1832ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆபிரிக்காவின் மேற்கேயுள்ள வேர்டே முனைத் தீவுகளின் அருகே, நுண்ணிய தூள் கப்பலின் மீது படிவதைக் கண்டார். அவர் தாம் சேகரித்ததும் பிறரிடம் பெற்றதுமான பொதிகளை ஏரன்பேர்க்குக்கு அனுப்பினார். அவற்றில் 67 வகையான உயிர்வடிவங்களை ஏரன்பேர்க் கண்டறிந்தார். தாவர இழையங்களின் சிலிக்காத் துண்டுகளும் அவற்றுள் அடங்கின. நடுக்கடலில் வீழ்ந்த தூசியும் தான் பிறந்த நிலத்தின் அடையாளத்தைச் சுமந்து வரும் என்பது அன்றே தெளிவாயிற்று.

மகரந்தத்தை வரலாற்றுச் சான்றாக ஆக்கிய பெருமை சுவீடன் நாட்டுப் புவிச்சரிதவியலறிஞர் லென்னார்ட் வொன் போஸ்ட் (1884–1951) அவர்களைச் சாரும். அவர் 1916இல், இன்று ஒஸ்லோ எனப்படும் கிறிஸ்தியானியாவில் நடைபெற்ற ஸ்கந்திநேவிய இயற்கையறிஞர் கூட்டத்தில், தென் சுவீடனின் பீற்றுப் படிவுகளிலுள்ள மரங்களின் மகரந்தத்தைப் படைவாரியாக எண்ணி, நூற்றுவீதங்களாக வரைந்து காட்டினார். மகரந்தம் இருப்பதை அவருக்கு முன்னரும் சிலர் அறிந்திருந்தனர். ஆனால் எண்ணிக் கணித்து, ஒரு சதுப்பின் படைகளை மற்றொரு சதுப்பின் படைகளோடு ஒப்பிடும் வழியை வகுத்தவர் அவரே. 1944இல் ஹைட், வில்லியம்ஸ் என்னும் இருவர் இத்துறைக்குத் தனிப்பெயர் சூட்டினர்.

எனினும் ஒரு குறை எஞ்சியது. எப்படை முந்தியது, எப்படை பிந்தியது எனக் கூற முடிந்ததேயன்றி, அவை எத்தனை ஆண்டுகளுக்கு முன்னர்ப் படிந்தன என்பதை நேரே கணிக்க வழி இருக்கவில்லை. 1949இல் லிபி என்னும் அமெரிக்க இரசாயனவியலறிஞர் காபன் 14 முறையை நிறுவியதன் பின்னரே சேதனப் படைகளுக்கு ஆண்டு குறிக்க முடிந்தது. 5,730 ஆண்டுகளில் அரைவாசியாகக் குறையும் இக்காபன், பீற்றிலே கிடைக்கும் தாவரத் துண்டுகளுக்கு வயது கூறும் கடிகாரமாயிற்று.

சேற்றிலிருந்து எண்ணுக்கு

ஆய்வாளர் சதுப்பின் மேற்பரப்பிலிருந்து அடிவரை துளையிட்டு, குழாய் வடிவான மண்தூணொன்றை எடுப்பர். அதிலே சில சென்ரிமீற்றருக்கு ஒன்றாகச் சிறு மாதிரிகள் வெட்டப்படும். ஐதரோகுளோரிக்கமிலத்தினாற் சுண்ணாம்பையும், காரத்தினால் உக்கற் பொருளையும், ஐதரோபுளோரிக்கமிலத்தினால் மணலையும் களியையும் நீக்கினால் மகரந்தம் எஞ்சும். இவ்விறுதி அமிலம் தாவரக்கல்லையும் கரைத்துவிடும். எனவே ஒரே மாதிரியை இரு கூறாக்கல் வேண்டும். தாவரக்கல்லுக்குரிய கூற்றை அடர்த்தி மிக்க திரவத்தில் இடுவர். பாரம் கூடிய குவாட்ஸ் மணல் அடியிற் படிய, இலேசான தாவரக்கற்கள் மிதக்கும். அதன்பின் ஒவ்வொரு படையிலும் முந்நூறு மணிகளேனும் இனம் பிரித்து எண்ணப்படும். நூறு படைகளாயின் முப்பதினாயிரம் மணிகள். கண்ணும் பொறுமையும் மாதக்கணக்கிற் செலவாகும் தொழில் இது.

இவ்வாறு பெறப்படுவது ஓர் எண் அட்டவணை மட்டுமே. அதிலிருந்து மூன்று வினாக்களுக்கு விடை தேடுகின்றோம். அன்று அங்கு எத்தாவரங்கள் வளர்ந்தன? அவற்றை வளரச்செய்த காலநிலை யாது? மனிதன் அங்கு என்ன செய்தான்? முதல் வினாவிலிருந்து மூன்றாவதற்குச் செல்லச் செல்லச் சான்றுக்கும் முடிவுக்கும் இடையேயுள்ள தூரம் கூடுகின்றது.

ஹோர்ட்டன் சமவெளி கூறியது

இரத்னசிறி பிரேமதிலக, யான் ரிஸ்பேர்க் ஆகிய இருவரும் ஹோர்ட்டன் சமவெளியின் பீற்றுப் படிவொன்றை ஆராய்ந்து, 24,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தின் வரலாற்றை 2003இல் வெளியிட்டனர். மகரந்தம், வித்தி, தாவரக்கல், காபன் சமதானி எனப் பலவகைச் சான்றுகளை ஒருங்கே பயன்படுத்தியமை அவ்வாய்வின் சிறப்பாகும். பனிக்கட்டிக் காலம் உச்சமுற்றிருந்த போது சமவெளி இன்றிலும் பார்க்க வறண்டதாயும் திறந்த புல்நிலமாயும் இருந்தது என்பதும், பின்னர்த் தென்மேற் பருவக்காற்றுப் படிப்படியாக வலுப்பெற்று ஈரமும் காடும் பெருகின என்பதும், அதன் பின்னரும் ஈரக் காலங்களும் வறண்ட காலங்களும் மாறிமாறி வந்தன என்பதும் அவர்கள் கண்ட முடிவுகளின் சாரமாகும்.

இம்முடிவுக்கு அண்டை நிலத்திலிருந்தும் ஆதரவு உண்டு. தமிழகத்தின் நீலகிரியிலும், ஹோர்ட்டன் சமவெளியை நிகர்த்தவாறே, மலையுச்சியில் சோலைக்காடும் புல்வெளியும் அருகருகே காணப்படுகின்றன. அங்குள்ள பீற்றை ஆராய்ந்த சுகுமாரும் பிறரும் 1993இல் வெளியிட்ட முடிவின்படி, பனிக்கட்டிக் காலத்தின் பிற்கூற்றில் அங்கு வறட்சிக்குரிய புற்கள் மேலோங்கியிருந்தன. பத்துப் பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஈரம் மிகுந்தது. கடலால் பிரிக்கப்பட்ட இரு மலைகள் ஒத்த சான்று பகர்வது தற்செயலாக இருக்க முடியாது. அக்காலத்தில் அக்கடலும் இருக்கவில்லை. உலகக் கடல் மட்டம் இன்றிலும் 120 மீற்றரளவு தாழ்ந்திருந்தமையால், ஆழமற்ற பாக்கு நீரிணை அன்று நிலமாகவே கிடந்தது.

எனவே முன்னர்க் கேட்ட வினாவுக்கு ஒரு பகுதி விடை கிடைக்கின்றது. பத்தனைப் புல்வெளி கோப்பித் தோட்டக் காலத்தில் மட்டுமன்றி, எழுத்தறிந்த அரசுகளின் காலத்தில் மட்டுமன்றி, அவற்றுக்கு மிக முற்பட்ட காலத்திலேயே வேர்கொண்டது. இன்றுள்ள காட்டெல்லையை நெருப்பும் உறைபனியும் நிறுத்தி வைத்திருக்கலாம். ஆனால் புல் அங்கு வந்தேறியன்று.

தாவரமும் காலநிலையும் ஒன்றல்ல

இங்கு நாம் சற்றே நின்று சிந்தித்தல் தகும். புல்லின் மகரந்தம் கூடியது எனின், மழை குறைந்தது என உடனே கூறிவிடலாமா?

நூற்றுவீதம் என்பது ஒன்று கூடினால் மற்றொன்று குறையும் கணக்கு. சதுப்பின் மேலேயே வளரும் கோரையும் புல்லும் தம் மகரந்தத்தை அவ்விடத்திலேயே சொரிவதால், சுற்றுப்புறக் காட்டின் குரல் அமுங்கிவிடக்கூடும். காற்றினால் மகரந்தம் பரப்பும் தாவரங்கள் மிகையாகத் தோன்றும். பூச்சிகளை நாடும் அயனமண்டல மரங்கள் பல, காடு நிறைய நின்றாலும், சேற்றிலே சிலவே பதியும். இவை மணியிலிருந்து தாவரத்துக்குச் செல்லும் வழியிலுள்ள இடர்கள்.

தாவரத்திலிருந்து காலநிலைக்குச் செல்லும் வழியில் வேறோர் இடர் உண்டு. பனிக்கட்டிக் காலத்து வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டு மில்லியனில் ஏறத்தாழ 190 பங்கே இருந்தது. கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் அது 280 பங்கு. காபனீரொட்சைட்டுக் குறைந்த வளியில், வெப்பநிலப் புற்கள் மரங்களை வென்று பரவும் இயல்புடையவை. அவ்வாறாயின் அன்றைய புல்வெளிப் பெருக்கத்தின் ஒரு பகுதி மழைக் குறைவினாலன்றி வளியின் மாற்றத்தினாலும் நேர்ந்திருக்கலாம். குளிரும் உறைபனியும் தம் பங்கைச் செலுத்தியிருக்கும். வறட்சி இருந்தது என்பது பல்வகைச் சான்றுகளாற் பெறப்படுகின்றது. எவ்வளவு வறட்சி என்பதைப் புல் ஒன்றை மட்டும் கொண்டு அளவிட முடியாது.

மேலும், ஒரு சதுப்பு தன் நிலத்துக்கே சாட்சி, தீவு முழுவதற்குமன்று. மலையுச்சி வறண்டிருந்த காலத்திலும் கீழே ஈரவலயத்தில் மழைக்காடு முற்றாக அழிந்துவிடவில்லை. குருவிற்றைக்கு அருகிலுள்ள பட்டதொம்பலென குகையில் வாழ்ந்த வேட்டை மாந்தர் காட்டு வாழை, காட்டுப் பலாவினம், கெக்குன கொட்டை ஆகியவற்றை உண்டனர் என்பது அங்குக் கிடைத்த தாவர எச்சங்களாற் புலனாகின்றது. அக்குகையிலும் வேறு குகைகளிலும் கிடைத்த மனிதப் பற்களை ஆராய்ந்து 2015இல் வெளியிடப்பட்ட முடிவுகள், 20,000 ஆண்டுகளுக்கு முன்னரும் அம்மாந்தர் மழைக்காட்டையே பெரிதும் சார்ந்து வாழ்ந்தனர் எனக் காட்டின. உச்சிச் சதுப்பும் அடிவாரக் குகையும் முரண்படவில்லை. ஒவ்வொன்றும் தான் கண்டதையே கூறுகின்றது.

இராசத்தான் ஏரிகளின் பாடம்

காலநிலையிலிருந்து மனித வரலாற்றுக்குத் தாவும்போது நேரக்கூடியதை விளக்க, வட இந்திய எடுத்துக்காட்டொன்று உதவும். இந்தியத் தாவரவியலறிஞர் குர்தீப் சிங் 1971இலும், துணையாளருடன் 1974இலும், இராசத்தானின் சாம்பர், தித்வானா, லுங்கரன்சர் முதலிய உப்பேரிகளின் மகரந்த வரலாற்றை வெளியிட்டார். தென்னாசியாவில் இத்துறைக்கு அடித்தளமிட்ட ஆய்வுகளுள் அவை அடங்கும். கி.மு. 3000 அளவில் தொடங்கி மழை மிகுந்திருந்தது என்றும், சிந்துவெளி நகரங்கள் அவ்வளத்திலே செழித்து, மழை குன்றியபோது நலிந்தன என்றும் அவர் கருதினார். இக்கருத்து எளிமையானது, அழகானது. பாடநூல்களிலும் விரைவில் இடம்பெற்றது.

1999இல் என்செல் என்பாரும் பிறரும் லுங்கரன்சர் ஏரியை மீண்டும் நுணுக்கமாக ஆராய்ந்து, காலக்கணிப்புகளைத் திருத்தினர். அவ்வேரி, சிந்துவெளி நகரவாழ்வு உச்சமுற்ற கி.மு. 2600–1900 காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே வற்றிப்போயிருந்தமை தெரியவந்தது. மழையின் வளத்தில் அன்று, வறட்சியின் நடுவிலேயே அந்நகரங்கள் எழுந்தன என்றாயிற்று. விவாதம் அத்துடன் முடியவில்லை. 2014இல் ஹரியானாவின் கொட்லா தஹார் ஏரியில் நத்தை ஓடுகளை ஆராய்ந்தோர், ஏறத்தாழ 4,100 ஆண்டுகளுக்கு முன்னர்ப் பருவமழை திடீரெனக் குன்றியது எனக் கண்டனர். இது நகரங்களின் நலிவுக் காலத்தோடு மீண்டும் பொருந்துகின்றது.

இதனாற் சிங்கின் பணி சிறுமையுறவில்லை. அவர் எண்ணிய மணிகள் இன்றும் மணிகளே. பிழைபட்டது மணிக்கும் நகரத்துக்கும் இடையே போடப்பட்ட பாலம். இரு நிகழ்வுகள் ஒரே காலத்தில் நடந்தன என நிறுவினாலன்றி ஒன்றை மற்றொன்றின் காரணமாகக் கூற முடியாது. நிறுவியபின்னும், மழை குறைந்ததும் மனிதர் செயலற்று மடிந்தனர் எனக் கொள்ளலாகாது. அவர் பயிரை மாற்றலாம், குளம் கட்டலாம், இடம்பெயரலாம். நம் வரண்ட வலயத்துக் குளங்களே இதற்குச் சான்று.

வாற்கோதுமை வினா

இப்பாடத்தோடு மீண்டும் ஹோர்ட்டன் சமவெளிக்கு வருவோம். மேற்கூறிய ஆய்வாளர் காலநிலையோடு நின்றாரல்லர். இற்றைக்கு ஏறத்தாழ 17,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட படைகளிலே நெருப்பின் தடயங்களோடு தானிய வகைப் புல்லின் பெரிய மகரந்தமணிகளைக் கண்டு, அங்கு மனிதர் வாற்கோதுமை, ஓட்ஸ் ஆகியவற்றைப் பேணத் தொடங்கியிருந்தனர் எனவும், பின்னர் நெல்லும் பயிரிட்டனர் எனவும் அவர்கள் எடுத்துரைத்தனர். இது உண்மையாயின், உலகின் வேளாண்மை வரலாற்றையே திருப்பி எழுதல் வேண்டும். மேற்காசியாவில் வாற்கோதுமை வீட்டுப்பயிரானது ஏறக்குறைய 10,500 ஆண்டுகளுக்கு முன்னராகும். ஓட்ஸ் அதற்கும் பல ஆயிரம் ஆண்டுகள் பிற்பட்டது. முதலில் வயற்களையாக இருந்து பின்னரே பயிரானது.

இவ்வாறான கூற்றைக் கேட்டதும் மகிழ்ந்து ஏற்பதும் தவறு; நகைத்துத் தள்ளுவதும் தவறு. சான்றை ஒவ்வொன்றாக உசாவுதலே முறை.

முதலாவது, அடையாளம். தானியப் புற்களின் மகரந்தமணி காட்டுப் புற்களின் மணியிலும் பெரியது என்பது பொது விதி. ஒரு மில்லிமீற்றரின் நூறில் நான்கு பங்குக்கு மேற்பட்ட பருமனும் துளையைச் சுற்றிய தடித்த வளையமும் அதன் அடையாளங்கள். ஆனால் இவ்வெல்லை பெரும்பாலும் ஐரோப்பியத் தாவரங்களை வைத்து வகுக்கப்பட்டது. காட்டுப் புற்களுள்ளும் பெரிய மணி உடையன உண்டு. மாதிரியைப் பதிக்கப் பயன்படும் கிளிசரின் கூழ் மணிகளை வீங்கச் செய்வதும் அறியப்பட்டதே. இலங்கையின் மலைப்புற்கள் யாவற்றின் மணிகளையும் அளந்து ஒப்புநோக்கிய பின்னரே “இது வாற்கோதுமை” என அறுதியிடல் இயலும்.

இரண்டாவது, தாயகம். காட்டு வாற்கோதுமை மேற்காசியாவுக்கும் அதனையடுத்த நிலங்களுக்கும் உரியது. அது இலங்கையின் மலைக்கு இயல்பாக வந்திருக்க முடியாது; மனிதர் கொண்டுவந்திருத்தல் வேண்டும். வழியிலுள்ள நிலங்களில் அதன் தடம் காணப்படல் வேண்டும். தக்கணத்தின் தென்பகுதியிலே கி.மு. மூன்றாம் ஆயிரவாண்டில் வாழ்ந்த புதிய கற்கால மக்களின் அடிப்படைப் பயிர்கள், உள்ளூர்ச் சிறுதானியங்களும் பாசிப்பயறும் கொள்ளுமேயாம். வாற்கோதுமையும் கோதுமையும் அங்கு வெளியிலிருந்து வந்த துணைப்பயிர்கள். இரண்டுக்கும் இடையே பதினாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வெறுமை கிடக்கின்றது.

மூன்றாவது, துணைச்சான்று. கரிந்த தானியம், உமியின் தாவரக்கல், அறுவடைக் கருவி, குடியிருப்பு ஆகியவற்றுள் ஒன்றேனும் மகரந்தத்தோடு சேர்ந்து வரல் வேண்டும். குறிப்பாகக் கரிந்த விதை கிடைப்பின், அவ்விதைக்கே நேராகக் காபன் 14 ஆண்டு கணிக்கலாம். தொல்பொருளியலார் பலர் இக்கூற்றை ஏற்கத் தயங்குவதற்குக் காரணம் பகைமையன்று, இத்துணைச்சான்று போதாமையே.

ஆகவே ஹோர்ட்டன் சமவெளியின் சேறு கூறியவற்றுள், புல்வெளியின் பழைமையும் பருவக்காற்றின் ஏற்றத்தாழ்வும் வலுவான முடிவுகள். நெருப்பு, மனிதன் இட்டதா இடி இட்டதா என்ற ஐயத்துடன் கூடிய முடிவு. வாற்கோதுமை இன்னும் நிறுவப்படாத கருதுகோள். ஒரே மண்தூணிலிருந்து பெறப்பட்டமையால் இம்மூன்றுக்கும் ஒரே பெறுமதி அளிப்பது, ஒரே சாட்சி கூறினார் என்பதற்காக அவர் கண்டதையும் கேட்டதையும் ஊகித்ததையும் ஒன்றாக எழுதிக்கொள்வது போலாகும்.

நமக்குரிய கடன்

இதனை வலியுறுத்துவதற்குச் சிறப்பான காரணம் ஒன்றுண்டு. பழைமை என்பது நம் நாட்டில் அறிவுப்பொருளாக மட்டும் இருந்ததில்லை. முதலில் வந்தவர் யார், முதலில் உழுதவர் யார் என்னும் வினாக்கள் உரிமைக்கான உறுதிகளாகக் காட்டப்பட்டு வந்துள்ளன. கல்வெட்டையும் பானையோட்டையும் அவ்வாறு பயன்படுத்தியதன் விளைவை நாம் அறிவோம். மகரந்தமணியையும் அவ்வழக்கிலே சாட்சிக் கூண்டில் ஏற்றுதல் தகாது. 17,500 ஆண்டுகளுக்கு முன்னர்ச் சமவெளியில் நெருப்பு மூட்டியவன் எவனாயினும், இன்று நாம் பேசும் மொழிகளுள் எதுவும் அன்று உருப்பெற்றிருக்கவில்லை. அவன் யாருடைய முன்னோனாகவும் தனியே உரிமை கோரப்படத்தக்கவனல்லன். எத்தரப்பினர் கூறினும், “உலகிலேயே முதன்முதல்” எனத் தொடங்கும் கூற்றுக்கு இருமடங்கு சான்று கேட்பது வரலாற்று மாணவரின் கடமை.

அதே வேளையில், ஐயம் மட்டும் ஆராய்ச்சியாகிவிடாது. செய்யவேண்டிய பணிகள் பல உள. இலங்கைப் புற்களின் மகரந்தமணிகளையும் தாவரக்கற்களையும் நேரே சேகரித்து, அளந்து, படத்துடன் தொகுத்த ஒப்புநோக்குத் தொகுதி விரிவாக அமைதல் வேண்டும். அது பெருஞ்செலவு வேண்டாத, மாணவராலும் செய்யத்தக்க பணியாகும். வன்னிக் குளங்களின் அடிச்சேற்றில் நெல்லின் விசிறிக் கற்கள் எவ்வாழத்தில் தோன்றுகின்றன என அறிந்தால், நீர்ப்பாசன வேளாண்மை பரவிய காலத்தைக் கல்வெட்டுகளுக்குப் புறம்பாகவும் காணலாம். யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் மேலமைந்த செம்மண்ணிற் காற்றோட்டம் மிகையாதலால் மகரந்தம் நிலைப்பது அரிது. காற்றினால் அழியாத தாவரக்கல்லே அங்கு நாம் நாடத்தக்க சான்று.

இவை யாவற்றுக்கும் மண்படைகள் குலையாதிருத்தல் இன்றியமையாதது. ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்காவாக இருப்பதனால் அதன் சதுப்புகளுக்குக் காப்பு உண்டு. குளங்களுக்கு அத்தகைய காப்பு இல்லை. தூர் வாரும் இயந்திரம் ஒரே நாளில் ஆயிரம் ஆண்டுப் படைகளை அள்ளி வரம்பிலே கொட்டிவிடும். தூர் வாருதல் உழவருக்கு வேண்டிய பணியே; அதனைத் தடுக்குமாறு எவரும் கேட்கமாட்டார். வாருவதற்கு முன்னர்க் குளத்தின் நடுவிலிருந்து ஒரு மண்தூணை எடுத்து, இடமும் ஆழமும் குறித்து, ஒரு பல்கலைக்கழகத்தின் குளிரறையில் வைத்தாற் போதுமானது. அதனைப் படிக்கும் அறிவும் கருவியும் இன்று நம்மிடம் இல்லாவிடினும், நாளை வருவோரிடம் இருக்கும். ஏடு அழிந்தபின் அதனைப் படிக்க வல்லவர் பிறந்து பயனில்லை.